பத்தொன்பது மில்லிமீட்டர்

இரண்டு மில்லிமீட்டர் சரிந்தாலே
கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என் தொழிலில்.
ரூசே நகரத்து அடுக்குமாடிகளில்
ஓக் பலகை பதிக்கிறவன்.
ரசமட்டத்தின் குமிழி
நடுக்கோட்டை விட்டு நகர்ந்தால்
எனக்குச் சாப்பாடு இறங்காது.
அப்படிப்பட்டவன்
பத்தொன்பது மில்லிமீட்டர் சரிவைக்
காசு கொடுத்து வாங்கலாமா என்று
மூன்று வாரமாக யோசிக்கிறேன்.

இருநூற்று நாற்பது லெவா.
குதிகாலில் மரக்கட்டை, மேலே ஒரு தோல்பட்டை.
அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது,
மழைக்கு ஆகாது,
கல்யாணத்துக்கும் ஆகாது.
பாரத்தோடு உட்கார்ந்து எழ மட்டும்.
உட்கார்ந்து எழ ஒரு ஷூவா என்று
ராலிட்ஸா கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
சண்டை போட்டாவது வாங்கியிருப்பேன்.

குற்றம் கணுக்காலில்.
பகலெல்லாம் மண்டியிட்டு,
பாதத்தைப் பின்னால் மல்லாத்திப் போட்டு
இருபத்திரண்டு வருடம்.
முழங்காலை முன்னால் விடு என்றால்
துருப்பிடித்த கீல் மாதிரி
பாதி வழியில் நின்றுவிடுகிறது.
தோளில் தண்டு ஏறி, இறங்க இறங்கக்
குதிகால் எழும்புகிறது,
நெஞ்சு கவிழ்கிறது.
"தரையில் காசு தேடுகிறாயா, லூபென்?"
நிலவறை ஜிம்மின் சாவி வைத்திருக்கும்
த்ஸ்வெதானாவின் தினசரிக் கேள்வி.

சுவரோரம் நின்று கணுக்காலை வளை,
ஆறு மாதத்தில் சரியாகும் என்றான் ஸ்பாஸ்.
வெறும் காலுறையோடு நூற்று அறுபது தூக்குகிறவன்.
மீன் நீச்சல் சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது.

சரி, மரம் என்னிடம் இல்லாததா?
மிஞ்சிய ஓக் துண்டில் இரண்டு ஆப்பு இழைத்தேன்.
பின்னால் பத்தொன்பது, முன்னால் பூஜ்யம்.
மணல்தாள் தேய்த்தேன். எண்ணெய்கூடப் பூசினேன்.
செலவு, ஒரு மாலை.

தொண்ணூறு கிலோ.
இறங்கினேன்.
நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.
தொடைக்கு அடியில் இவ்வளவு இடத்தை
இத்தனை நாள் யார் ஒளித்து வைத்திருந்தார்கள்?
பல்லிடுக்கில் வைத்த சூரியகாந்தி விதையை
த்ஸ்வெதானா கடிக்க மறந்தாள்.

நூற்றுப்பத்தில்
தாங்கியிலிருந்து தண்டை எடுத்துப்
பின்னால் இரண்டடி வைத்தபோது
ஆப்பு எங்கே?
குனிந்து பார்க்க முடியாது.
இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவனாகக்
குதிகாலால் துழாவினேன்.
இடது அகப்பட்டது.
வலது வழுக்கிக்கொண்டு சுவர் வரை போனது.
ஷூ காலோடு வரும்.
ஆப்பு வராது.
இருநூற்று நாற்பது லெவா
அந்த ஒரு வினைச்சொல்லுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன்.
நாற்பத்து மூன்றாம் அளவு, ஒரே ஜோடி.
கயிற்றை இறுக்கி எழுந்தால்
கால் இரண்டும் யாரோ நட்டுவைத்த கம்பம்.
நடந்து பாருங்கள் என்றாள் விற்கிற பெண்.
நடந்தேன்.
டக். டக். டக்.
டொப்.

நின்றேன். அதே இடத்தில் மறுபடி குதிகாலை வைத்தேன்.
டொப்.
கல்லாவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே
பலகைக்கு அடியில் காற்று.
பசை பிடிக்கவில்லை,
அல்லது பசையே போடவில்லை.
டாக்டர் முதுகில் தட்டுகிற மாதிரி
கடை முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன்.
இத்தனை நல்ல கருவி
இதுவரை என் கையில் இருந்ததில்லை,
காலில்.

"பிடித்திருக்கிறதா?"
"செய்தவன் யார்?"
"ருமேனியாவில் தைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்."
"தரையை."

முதலாளி திங்கள்தான் வருவாராம்.
அதுவரை எடுத்துவைக்கிறேன் என்று
பெட்டிமேல் என் பெயரை எழுதினாள்,
ஓர் எழுத்துப் பிழையோடு.

பேருந்தில் கணக்குப் போட்டேன்.
ஏழு சதுர மீட்டர்.
பெயர்க்க, மட்டம் பார்க்க, திரும்பப் பதிக்க.
எப்படிக் குறைத்துப் போட்டாலும்
இருநூற்று நாற்பதைத் தாண்டுகிறது.
மடியிலிருந்த பைக்குள்
ஆப்பு இரண்டும்
ஒவ்வொரு பிரேக்குக்கும்
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.